குதிகாலால் வெட்டிய வாய்க்கால்

அன்று பகல் இரண்டே கால் மணிக்குத்தான் எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. சற்று முன்புதான் எங்களோடு வந்த வழிகாட்டி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு பஸ் கிளம்பிவிடும் என்று சத்தமாகச் சொல்லியிருந்தார். அதனால் மணி மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

எங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த வருஷம் அது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கத்தரியும் தக்காளியும் போட்டிருந்தோம். பொங்கல் முடிந்த கையோடு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பஸ் பேசினார்கள். இரவே கிளம்பி, விடியும்போது திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, அங்கே ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, கடலோரச் சாலையிலேயே கன்னியாகுமரி வரை போவதாக ஏற்பாடு. எங்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நான் பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு சரி.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாய் ஓயாமல் கேள்வி கேட்பாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனைமரங்களும் செக்கச்செவேலென்ற மணல் மேடுகளும். அந்த மேடுகள் ஆடிக்காற்றில் இடம் மாறிவிடும் என்று வழிகாட்டி சொன்னார். அப்படியென்றால் யார் நிலம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டாள். அதைத் தாசில்தாரிடம்தான் கேட்க வேண்டும் என்று அவர் சிரித்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நான் அவள் கையை விடவில்லை. கிணற்று மேட்டுக்குக்கூட அவளைத் தனியே அனுப்பாதவள் நான்; அவளுக்கு நீச்சலும் தெரியாது.

சாப்பாட்டுக்கு ஓர் ஆற்று முகத்தில் நிறுத்தினார்கள். மழைக்காலம் முடிந்து ஓட்டம் குறைந்ததும், அலை மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிடுமாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி மாதிரி தேங்கிய தண்ணீர், நடுவில் நெல் அடிக்கிற களம் போல அகலமான மணல் திட்டு. கடலில் இறங்காதீர்கள் என்று வழிகாட்டி எச்சரித்தார். திட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கரையில் சிப்பிகள் நிறையக் கிடக்கும் என்று யாரோ சொன்னதும் மகள் என்னைப் பார்த்தாள். தரைதானே என்று கையை விட்டேன்.

அவள் திட்டின் மேலேயே நடந்து அக்கரைக்குப் போய்விட்டாள். என் கணவர் திட்டின் நடுவில் நின்று தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க மடை மாற்றுகிறவருக்கு அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை.

"இம்புட்டுத் தண்ணியும் சும்மாத்தானே கிடக்கு" என்றவர், குதிகாலால் மணலில் கடல் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒரு பலகைத் துண்டை எடுத்து அதை ஆழமாக்கினார்.

"ஏங்க, கடலுக்குமா மடை திறந்து விடுறீங்க?" என்று நானும் கேலி பண்ணினேன். தண்ணீர் தயங்கித் தயங்கி அந்தக் கோட்டில் இறங்கியது. எங்கள் பாத்தியில் ஓடுகிற அதே ஓட்டம். ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டோம். அது கடலைத் தொட்டபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் வாய்க்கால் ஒரு முழ அகலம் இருந்தது. பிறகு ஓர் எட்டு வைக்கிற அகலம். தாண்டலாம் என்று நினைக்கும்போதே கரை இடிந்து விழுந்தது. சிரிப்பு நின்றது. பனை மட்டையையும் மணலையும் போட்டு அடைக்கப் பார்த்தோம். போட்டதெல்லாம் கடலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு தெருவின் அகலத்துக்குச் செம்மண் நிறத் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. என் மகள் அந்தப் பக்கம் தனியாக நின்றாள்.

என் கணவர் உள்ளே இறங்கிவிட்டார். முழங்கால் தண்ணீரிலேயே காலை வாரிவிட்டது. வழிகாட்டியும் டிரைவரும் அவர் துண்டைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பின்னால் போடி, பின்னால் போடி என்று நான் கத்தினேன். காற்றில் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. அவளோ இடிந்துகொண்டிருக்கும் கரைக்குப் பக்கத்திலேயே குனிந்து குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் மேலே இருந்து மூன்று மீனவர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கட்டி வைத்திருந்த கட்டுமரத்தின் அடியில் தண்ணீர் திடீரென்று வடிந்ததைப் பார்த்து வந்திருக்கிறார்கள். மூத்தவர் என் கணவர் காலடியில் கிடந்த பலகையைப் பார்த்தார்.

"கோடை வரைக்கும் எங்க பிள்ளைங்க மீன் பிடிக்கிற தண்ணி. ஒரு மத்தியானத்துல கடலுக்குக் குடுத்துட்டியளே" என்றார். நான் அக்கரையைக் காட்டினேன். அவர் குரல் மாறியது.

"உங்க பிள்ளையாம்மா? யாரும் தண்ணியில காலை வைக்காதீய. இங்கனயே இருங்க."

அவர்கள் வெகுதூரம் மேலே போய், தண்ணீர் அகன்று மெதுவாக ஓடும் இடத்தில் கட்டுமரத்தில் கடந்தார்கள். அக்கரை மணலில் நடந்து வந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் உடனே போகவில்லை. எதையோ கைகாட்டி அவர்களிடம் பேசினாள். ஒருவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கட்டுமரம் திரும்பி வருகிற வரை நான் மணலில் உட்கார்ந்தே இருந்தேன்.

பாவாடை நனைய ஓடி வந்தாள். அடிக்கத்தான் கை ஓங்கினேன். அதற்குள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் பேசினாள்.

"அம்மா, தண்ணி ஆத்துப் பக்கமிருந்து வெட்டலம்மா. கடல் பக்கந்தான் முதல்ல இடியுது, அப்புறம் பின்னாடி பின்னாடி தின்னுக்கிட்டே வருது. குச்சி நட்டு நட்டுப் பார்த்தேன். கடைசிக் குச்சி விழறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க."

இன்றும் எங்கள் தோட்டத்தில் மடை திறக்கும்போது, அவள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், என் கை முதலில் அவள் பாவாடையைத்தான் எட்டித் தேடுகிறது. கண் மட்டும் மண் எந்தப் பக்கமிருந்து சரிகிறது என்று பார்க்கிறது.