லிவாவில் எந்தப் பக்கம் ரைட்டு?

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அபுதாபியின் மேற்கே இருக்கும் ருவைஸிலிருந்து லிவா பாலைவனச் சோலைக்குக் கிளம்பினோம். காரின் முதுகில் இரண்டு சைக்கிள்கள், முன் சீட்டில் நானும் என் மனைவி மாலதியும், பின் சீட்டில் எலுமிச்சை சாதம். சைக்கிள்கள், கான்ட்ராக்ட் முடிந்து மணிலாவுக்குப் போய்விட்ட சக ஊழியர் ஒருவர் விட்டுப்போனவை. இரண்டும் சேர்ந்து ஐந்நூற்றைம்பது திர்ஹாம்.

மாலதி கடைசியாக சைக்கிள் மிதித்தது திருச்சியில், கல்லூரி மூன்றாம் வருஷத்தில். அவளைக் கிளப்ப நான் ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது.

"வண்டியே வராத ரோடு மாலதி. ரெண்டு பக்கமும் பேரீச்சந்தோட்டம். நடுவுல நாம மட்டும்தான்."

"வண்டி வந்தா?"

"வராது."

"வந்தா?"

"வந்தா நான் பொறுப்பு."

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் இப்படி வாயை விடக் கூடாது.

6.50. லிவாவின் மையமான முஸைராவுக்கு வந்து சேர்ந்தோம். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் கடக் சாய் எனும் கெட்டி டீ இரண்டு திர்ஹாம். கார் பதினொரு டிகிரி காட்டியது. ஜனவரி மூடுபனி மணல்மேடுகளை மொத்தமாக முழுங்கியிருந்தது. பாலைவனம் பார்க்க வந்தவர்களுக்கு ஊட்டி கிடைத்தது போல. நான் ஜாக்கெட்டைக் கழற்றி, பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டையோடு கம்பீரமாக நின்றேன். மாலதி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பின்னாடி என்னங்க, ரெண்டு இட்லி வெச்சுத் தைச்சிருக்காங்களா?"

7.10. வட்டச் சந்திப்பைத் தாண்டி, பண்ணைகளுக்கு நடுவே போகும் சாலையில் இறங்கினோம். நடுவில் தடுப்பில்லாத, அகலம் குறைந்த தார்ச் சாலை. போக இருபது கிலோமீட்டர், வர இருபது என்பது திட்டம். முதல் நூறு மீட்டர் மாலதி ஆடினாள். அடுத்த நூறு மீட்டரில் நேரானாள். அதற்கடுத்து மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த அமைதி கண்டிப்பாக அனுபவிக்க வேண்டியது. வேலிக்குப் பின்னால் எங்கோ ஒரு பம்ப்செட் ஓடுகிறது. பேரீச்ச மட்டையிலிருந்து பனித்துளி சொட்டுவது காதில் விழுகிறது. ஒட்டகம் ஒன்று வேலிக்கு மேல் தலையை நீட்டி, என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரை மணி நேரத்தில் ஒரு வண்டி இல்லை. சொன்னேனா இல்லையா என்று மனதுக்குள் நானே முதுகைத் தட்டிக்கொண்டேன்.

7.40. எட்டாவது கிலோமீட்டரில் என் செயின் கழன்றது. மாலதி கவனிக்காமல் போய்விட்டாள். அதை மாட்டி, கையைத் துடைத்து, மறுபடி ஏறியபோது பனிக்குள் அவளுடைய மஞ்சள் ஜாக்கெட் சின்னப் பொட்டாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. என் பக்கத்தில் நின்ற சாலைப் பலகைகள் எல்லாமே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் வெறும் தகரம். 'அரபியை வலமிருந்து இடமாக எழுதுகிறவர்கள், பலகையையும் திருப்பி நட்டிருக்கிறார்கள்' என்று நினைத்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். நாலாவது பலகையைக் கடந்ததும், அதன் முகத்தில் என்னதான் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். வேகம் அறுபது. எதிரே வருகிறவன் படிப்பதற்காக எழுதியது.

எதிரே வருகிறவன் ஏன் என் பக்கத்துப் பலகையைப் படிக்கிறான்?

நாங்கள் முழு எட்டு கிலோமீட்டரும் இடது பக்கத்தில் வந்திருக்கிறோம்! பதினொரு வருஷமாக இந்த நாட்டில் வலது பக்கம் கார் ஓட்டுகிறேன், ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் பெடலில் கால் வைத்த உடனே, கால் யாரையும் கேட்காமல் திருச்சி தில்லை நகருக்குப் போய்விட்டது.

சரியாக அந்த நேரத்தில்தான், முன்னால் பனிக்குள்ளிருந்து டீசல் எஞ்சின் சத்தம் வந்தது. எனக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் மாலதி.

எழுந்து நின்று மிதித்தேன். மிதித்துக்கொண்டே கத்தினேன்.

"மாலதி! ரைட்டு! ரைட்டு! ரைட்டு!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

எனக்குப் புரியவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன்.

"ரைட்டு! ரைட்டு!"

இன்னும் வேகமாகப் போனாள்.

திருச்சி டவுன் பஸ்ஸில் வளர்ந்த ஒருத்தியிடம் 'ரைட்டு' என்று கத்தினால் என்ன அர்த்தம்? எல்லாரும் ஏறியாச்சு, வண்டியை எடு. நான் கண்டக்டராக நின்று என் மனைவியை எதிரே வரும் வண்டிக்கு நேராக அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. தொண்டை மட்டும் தானாகவே அதே பஸ்ஸிலிருந்து இன்னொரு சொல்லை எடுத்துக் கொடுத்தது.

"ஹோல்டான்!"

மாலதி சட்டென்று பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிளோடு ஓர மணலில் சரிந்து நின்றாள். அவள் அதுவரை போய்க்கொண்டிருந்த தடத்தில், புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு பிக்கப், நாலு விளக்கும் மினுக்க, ஊர்ந்து கடந்தது. கடந்து நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். தாடி வைத்த பெஷாவர்க்காரர். அவரே பயந்துபோயிருந்தார்.

"பாய் சாப், யே ஹிந்துஸ்தான் நஹி ஹை. சீதா ஹாத்! சீதா ஹாத்!" இது இந்தியா இல்லை, வலது கைப் பக்கம் என்று தன் வலது கையைத் தட்டிக் காட்டினார். பிறகு மாலதியிடம், "பெஹன்ஜி, அடி பட்டதா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றதும் அல்லாவுக்கு ஒரு நன்றியும் எனக்கு ஒரு முறைப்பும் செலுத்திவிட்டுப் போனார்.

மாலதி கால்சட்டை மணலைத் தட்டினாள்.

"எதுக்கு ரைட்டு ரைட்டுன்னு கத்துனீங்க? நல்லா ஓட்டறேன், போலாம்கிறீங்கன்னு நெனச்சேன்."

"ரைட் சைடுக்கு வரச் சொன்னேன்."

"வலது பக்கம்னு சொல்ல மாட்டீங்களா?"

"அந்த நேரத்துல தமிழ்ப் பரீட்சையா எழுத முடியும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க வாய் திறந்தவள் சிரிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியில் டீ ஊற்றி என் கையில் கொடுத்தாள். பாதி டீ தரையில் போனது. குளிர், என்றேன். ஆமாம், குளிர்தான், என்றாள்.

"திரும்பிடலாம் மாலதி."

"ஏன் திரும்பணும்? இப்பதான் கால் பழகுது." சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே உருட்டி வலது ஓரத்தில் வைத்து ஏறினாள். மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் அவள் முன்னால், நான் பின்னால்.

பனி விலகியதும் மணல்மேடுகள் ஆரஞ்சு நிறத்தில் எழுந்து நின்றன. திருச்சியில் எனக்குக் காலிச் சாலை கிடைத்ததே இல்லை. முன்னால் போகிற பஸ்ஸின் பின்புறம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் நான். இங்கே காரிலும் அதேதான். எந்தப் பக்கம் போவது என்று நான் தனியாக முடிவெடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, அதைத்தான் எட்டு கிலோமீட்டர் தப்பாக எடுத்திருந்தேன்.

10.35. காருக்குத் திரும்பினோம். நாற்பது கிலோமீட்டர். சைக்கிள்களைக் கட்டும் பெல்ட்டை என் விரல்களால் இறுக்க முடியவில்லை. மாலதி வாங்கி இறுக்கினாள்.

"அடுத்த சனிக்கிழமை நீங்க முன்னாடி போங்க," என்றாள். "நான் பின்னாடி வந்து கத்தறேன். இருபத்தஞ்சு வருஷத்துக் கத்தல் சேர்ந்து கெடக்கு."