மூன்றாவது பெல்ட்

அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை வேனில் ஹாரன் பழுதாகி, சரிசெய்ய நேரமில்லாமல், ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தியே மூன்று மாதம் வழி வாங்கியவள். ஹாரன் சரியான பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. சிறுநீரகம் செயலிழந்தவர்களை வீட்டு வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டு, ரத்தம் சுத்திகரித்து முடியும்வரை நாலு மணி நேரம் காத்திருந்து, மறுபடி வீட்டில் இறக்கிவிடுவது அவள் வேலை. போகும்போது வாயாடிக்கொண்டு போகிறவர்கள் திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார்கள். அதனால் திரும்பும் வழியில் அவள் ரேடியோகூடப் போடமாட்டாள். எந்தத் தெருவில் எந்த இடத்தில் பள்ளம் என்று மனப்பாடமாகத் தெரியும்.

அந்த வேனில்தான் எஞ்சின் பெல்ட் கத்த ஆரம்பித்தது.

அவளுடைய அண்ணன் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று அவன் பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றி வேறு ஒன்று மாட்டிக்கொடுத்தான். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கீச் கீச்சென்று, எலி வாலில் கதவு சாத்தியது போல ஒரு சத்தம். அன்றே அண்ணனிடம் போனாள். அவன் பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்த்தான். சத்தம் நின்றது. இரண்டு நாளில் திரும்ப வந்தது. அடுத்த முறை ஏதோ ஸ்ப்ரே அடித்தான். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாம் முறை புது பெல்ட்டே மாற்றி, கம்பியை முட்டுக்கொடுத்து நெம்பி, விறைப்பாக இழுத்து முடுக்கினான். அப்போதும் கத்தியது.

"ஆல்டர்னேட்டர் மாத்துன பிறகுதாண்ணே இந்தச் சத்தம். அங்க ஒரு தடவ பாரேன்" என்றாள்.

"ஓட்டுறது உன் வேலை. சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்குறது என் வேலை. பெல்ட்டுன்னா கொஞ்சம் கத்தத்தான் செய்யும்." பிறகு ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தவர்கள் பக்கம் திரும்பினான். "வண்டியும் இவள மாதிரியே ஆயிடுச்சுப்பா. வாய் ஓயாது."

அவர்கள் சிரித்தார்கள். அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காதுமடல் வரை சுட்டது. பதினொரு வருடமாக அந்த எஞ்சினுக்கு ஒரு ஜாண் தூரத்தில் உட்கார்ந்திருப்பவள் அவள். அதன் இருமலும் தும்மலும் அவளுக்குத் தெரியாதா? கூடப்பிறந்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

புது பெல்ட் மாட்டிய ஒன்பதாம் நாள், நடுப்பகல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழி. வண்டியில் நாலு நோயாளிகள், அதில் ஒருவருடைய மனைவியும் கூட. முன்சீட்டில் அந்த நாலு பேரில் ஒருவரான தையல்காரர். கால் மடக்க முடியாதவர் என்பதால் அந்த இடம் எப்போதும் அவருக்குத்தான். பாலத்தின் மீது ஏறும்போது படாரென்று ஒரு சத்தம். கீச்சொலி நின்றுபோனது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது, ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. இருக்கும் ஒரே பெல்ட்தான் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பையும் சுழற்றவேண்டும். வெப்பமுள் மளமளவென்று மேலேறியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்து ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

பாலத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லை. பத்து நிமிடத்தில் தையல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. ரத்த அழுத்தம் இறங்கி, ஏதோ சொல்ல வந்தவர் பாதி வார்த்தையில் சரிந்தார். எல்லோரையும் எழுப்பி நீள சீட்டில் அவரைப் படுக்கவைத்து, கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினாள். அந்த மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் ஹாரன் அக்கா கை மாற்றி மாற்றி விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ் தையல்காரரை ஏற்றிப்போய், மற்றவர்களும் ஆட்டோவில் கிளம்பி, அண்ணன் வந்தபோது வண்டி காலியாக நின்றது. கையில் இன்னொரு புது பெல்ட்.

"பெல்ட் அறுந்துபோறது சகஜம்தானே. அரை மணி நேர வேலை" என்றான்.

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "வண்டிய இழுத்துட்டுப் போய் என் வீட்டு வாசல்ல விடு. அதுக்கு மேல ஒரு திருகாணிகூட நீ தொடக்கூடாது."

"நீ மாட்டிடுவியா?"

"ஒன்பது நாள்ல அறுந்துபோற மாதிரி என்னாலயும் மாட்ட முடியும்."

அறுந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு அவள் நேராக உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஒரு ஓரம் புதிதாக இருந்தது. மறு ஓரம் நார்நாராகப் பிய்ந்திருந்தது.

"இது லூசுனால போன பெல்ட் இல்லம்மா. ஒரு பக்கமா உரசி உரசிப் போயிருக்கு. புதுச ஓடவிட்டு அது மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் கூடுச்சுன்னா இழுவை பத்தல. சட்டுனு அடங்கிட்டுத் திரும்ப வந்துச்சுன்னா, பெல்ட் ஓடுற சக்கரம் இருக்கே, புல்லி, அதுல ஏதோ ஒண்ணு வரிசை விலகி நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டையை இறுக்கி முடிந்து, தொங்குகிற எதுவும் இல்லாமல் மகனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். பெல்ட்டை மாட்டிக் கிளப்பினாள். கீச். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் தள்ளி நின்று தண்ணீர் அடித்தாள். சத்தம் நின்றது. மனதுக்குள் எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் திரும்ப வந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு, நீளமான இரும்பு ஸ்கேலை புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தாள். கீழே பெரிய புல்லியோடு ஒட்டி நின்றது. தண்ணீர் பம்போடும் ஒட்டியது. ஆல்டர்னேட்டரிடம் வந்ததும் இடைவெளி. மூன்று நாணயத்தை அடுக்கிச் செருகலாம். அந்த புல்லி உள்வாங்கி நின்றது. சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் கோணலாக ஏறி, தன் ஓரத்தைத் தானே தின்றிருக்கிறது. ஸ்கேலை அப்படியே பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். பழைய ஆல்டர்னேட்டரில் இருந்த ஏதோ ஒன்று இதில் விடுபட்டிருக்கிறது என்று பட்டது.

ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே போனாள். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் கேட்காமல் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, கழற்றிப்போட்ட பழைய ஆல்டர்னேட்டரை இழுத்தாள். போல்ட் நுழையும் காதில் ஒரு இரும்பு வளையம் துருவோடு ஒட்டிக்கிடந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினாள். கழன்று விழுந்தது. அவனுடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"புல்லிய நேரா நிறுத்துறது இதுதான். எடுத்துப் புதுசுல போட மறந்துட்ட."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு வளையம்தானே..."

"அந்தாளு என் மடியில பேச்சு மூச்சில்லாம கிடந்தாரு. நீ வளையம்தானேங்குற."

அவன் தலையைத் தூக்கவில்லை. "கொண்டா, நான் போட்டுக் கொடுக்குறேன்."

"வேணாம்" என்று வளையத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போல்ட்டை உருவி, வளையத்தை இடையில் நுழைத்து மாட்ட அவளுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. விரல்முட்டி இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. ஸ்கேல் மூன்று புல்லியிலும் ஒட்டி நின்றது. கிளப்பியபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தையல்காரர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மறுபடி வேனில் வந்தார். அன்று அண்ணன் தானாகவே அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, தானும் வருவதாகச் சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். தயங்கித் தயங்கித் தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானும் தப்பா வெட்டியிருக்கேன் தம்பி. தலையில அடிச்சுக்கிட்டு என் தப்புதான்னு சொல்லிடுவேன். போட்டுக்குறவங்க ஒடம்பு கோணல்னு சொன்னதில்ல."

அண்ணன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான்.

நாலு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. ஒருநாள் அண்ணி சமாதானத்துக்கு வந்தாள். "ஒரு வளையத்துக்காகக் கூடப்பிறந்தவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்பாங்களா?"

"வளையத்துக்காக இல்ல அண்ணி. யாருக்கும் மறக்கும். அங்க பாருன்னு வாய்விட்டுச் சொன்னேன். பாக்காம, நாலு பேர வச்சுக்கிட்டு என்னக் கேலி பண்ணுனாரு."

அண்ணி கொண்டுவந்த பாத்திரத்தை அடுக்களையில் வைத்துவிட்டுப் போனாள்.