சென்னியப்பன் ஜெயித்த கிணறு

ராசிபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத தொழில். இருந்தாலும் நாமகிரிப்பேட்டை சென்னியப்பன் மாதிரி இன்னொருவரைப் பார்த்ததில்லை. அவரை நினைத்தால் எனக்குக் கோபம் வரும், கூடவே பாவமாகவும் இருக்கும்.

அவருக்கும் தம்பி பச்சமுத்துவுக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போனது ஒரு கூட்டுக் கிணறு. ஆளுக்கு மூன்று நாள் தண்ணீர் முறை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கிணறு வற்ற ஆரம்பித்ததும், உள்ளே போர் போட்டு ஆழப்படுத்தப் பச்சமுத்து ஆள் கூட்டி வந்தார். தண்ணீர் வந்திருந்தால் இரண்டு பேருக்கும்தான். அண்ணன் போய் வேலையை மறித்துவிட்டு நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

"என்றகிட்ட ஒரு வார்த்த கேட்டானுங்களா?" என்று கத்தினார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேஸ். ராசிபுரத்தில் ஜெயித்தார், நாமக்கல் அப்பீலில் தோற்றார், விடாமல் சென்னைக்குப் போனார். இரண்டாம் மேல்முறையீட்டில் சாட்சிகளைத் திரும்பக் கிளற மாட்டார்கள். சட்டக் கேள்வி ஏதாவது இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். இவர் கேஸில் இருந்தது: கூட்டுக் கிணற்றை ஒரு பங்குதாரர் மற்றவர் சம்மதமில்லாமல் ஆழப்படுத்தலாமா? பதில் வரும்வரை யாரும் கிணற்றைத் தொடக்கூடாது என்று தடை போட்டார்கள்.

பச்சமுத்து காத்திருக்கவில்லை. தன் காட்டில் போர் போட்டார், எண்ணூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. சென்னியப்பன் தன் காட்டில் மூன்று இடத்தில் போட்டும் புழுதிதான் பறந்தது. தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சரிந்தன. யார் என்ன சொன்னாலும், "தீர்ப்பு வரட்டுமுங்க" என்பார்.

போன பங்குனியில் வந்தது. இருபத்திரண்டு பக்கத்தையும் நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். பங்குதாரர் எவரும் மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி ஆழப்படுத்தக் கூடாது என்று முடித்திருந்தார்கள். மனுஷன் ஓடிப்போய் லட்டு வாங்கிவந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார். 'எவரும்' என்றால் அவரும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"ஏனுங்க, நாந்தான ஜெயிச்சேன்?"

"ஆமாங்க. இனி நீங்க போர் போடணும்னாலும் தம்பி கையெழுத்து வேணுமுங்க."

லட்டு அவர் கையிலேயே இருந்தது. கடைசிவரை அதைத் தின்னவில்லை.

இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்தார். அறுபது மரம் போனபிறகு சம்மதப் பத்திரம் எழுதச் சொல்லி, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

பச்சமுத்து சேர் எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பத்திரத்தை நிதானமாகப் படித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்ணா. அன்னைக்கு நான் ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, செரின்னு சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவர் பிடிவாதக்காரரே தவிர பொய்க்காரர் இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினார்.

பச்சமுத்து பத்திரத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நீங்க ஜெயிச்சது ஜெயிச்சதாவே இருக்கட்டுங்ணா."

திங்கள்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே சென்னியப்பன் வந்து நின்றார். தம்பி வீட்டுக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றவில்லை.

"இந்தத் தீர்ப்பு மேல டெல்லிக்கு அப்பீல் போலாமுங்களா?"

"தோத்தவங்கதானுங்க போக முடியும். நீங்க ஜெயிச்சவரு."

என் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தோத்துட்டேன் சாமி," என்றார். "அத எந்தக் கோர்ட்டுல போயிச் சொல்றது?"