இரண்டாவது இலை

மாதுங்கா மெஸ்ஸில் ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆஸ்திரேலியாக்காரர். அவர் உட்கார்ந்த உயரம், நான் நின்ற உயரம். இத்தாலியில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடப் போகிறார். கப்பல் பம்பாயில் ஒருநாள் நிற்கிறது. இத்தாலியில் தேர்வில் தோற்றால் ஊர் திரும்பிப் பழையபடி பால் வண்டி ஓட்டவேண்டுமாம்.

மெஸ்ஸில் அவரவர் இலையை அவரவரே எடுத்துப் போடவேண்டும். இவர் சுருட்டி, பத்தடி தள்ளியிருந்த குப்பைக் கூடைக்கு எறிந்தார். இலை பரிமாறுகிறவர் காலடியில் விழுந்தது.

"இவருக்கா சம்பளம் கொடுக்கப்போறா?" என்றார் பரிமாறுகிறவர்.

"உங்களை வாழ்த்துகிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

ஆஸ்திரேலியாக்காரர், ‘வாழ்த்தியவரின்’ முகத்தைப் பார்த்தார். இலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்து, இன்னொரு இலை கேட்டார். சாம்பாரிலிருந்து மோர்வரை மறுபடியும் முழுச் சாப்பாடு. எழுந்து எறிந்தார். கூடைக்குள் விழுந்தது.

"இப்போ கொடுக்கலாம்" என்றார் பரிமாறுகிறவர்.

இத்தாலியில் என்ன ஆயிற்றோ, தெரியாது. நான் ஆபீசுக்கு லேட். அவர் மூன்றாவது இலை கேட்டிருந்தால் லீவே போட்டிருப்பேன்.