யாரு இதுல கை வச்சது?

எந்தக் கார் பட்டறைக்குள் வந்தாலும், துருவும் நெளிசலும் எடுக்கும் டிங்கர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாருங்க இதுல கை வச்சது?" வண்டிக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம். முன்னால் வேலை பார்த்தவனை நாலு வார்த்தை திட்டாமல் அவர் கையில் சுத்தியல் நிற்காது. பக்கத்து டயர் கடைக்காரர் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் அவருக்கு 'விசாரணை' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

போன வருடம் லேசர் மெஷின் வாங்கியதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. உப்புத்தாள் போட்டு நாள் கணக்கில் தேய்க்க வேண்டிய துருவை, அதிலிருந்து பாயும் ஒளிக்கோடு சடசடவென்று புகையாக்கிவிடும். அடியில் இருக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. "மெஷின் பொய் சொல்லாதுங்க. எவன் எங்க ஏமாத்தினான்னு தோலுரிச்சுக் காட்டிடும்" என்று தெருமுனை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரிட்டயரான கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் ஒரு பழைய பச்சைக் காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டிங்கர் வழக்கமான கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் வாத்தியார் மனைவியைக் காட்டினார்.

"இவதான். ஞாயித்துக்கிழமையானா வாளியும் துணியுமா நிப்பா. தண்ணிய ஊத்தி ஊத்தியே காரக் கரைச்சுட்டா."

இது இருபத்திரண்டு வருடத்துப் பாட்டு. அந்த அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்தக் காரில்தான். அதைக் கழுவுவது அவருக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி. துரு தலைகாட்டியதும் முதலில் வாளி பரணுக்குப் போனது, அடுத்த மாதம் சாவி வாத்தியாரின் சட்டைப் பைக்குப் போனது. அதற்கப்புறம் வீட்டில் குழாய் ஒழுகினாலும் பால் பொங்கினாலும் பேச்சு சுற்றிச் சுற்றிக் காரில் வந்து நிற்கும்.

"எனக்கு வண்டிகூட வேண்டாம் தம்பி. துரு என்னாலதான் வந்துச்சான்னு உங்க மெஷின் சொன்னாப் போதும்" என்றார் அம்மா.

"அதெல்லாம் ஒரு டிங்கரே அப்பவே பாத்துச் சொல்லிட்டார். நல்ல அனுபவஸ்தர்" என்றார் வாத்தியார்.

"தொழில் தெரிஞ்சவன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் டிங்கர். இன்னொரு டிங்கரை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். கதவுக்குக் கீழே, படியோரத்தில் டிங்கர் ஒளியைப் பாய்ச்சினார். பச்சை பெயிண்ட் போனது. அடியில் வெள்ளை வந்தது. வெள்ளையைப் பார்த்ததும் அவர் வாத்தியாரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதற்கும் கீழே விரல் கனத்துக்கு, பள்ளம் நிரப்பும் பட்டி. அதற்கு லேசரைவிட உளியே மேல் என்று தட்டினார். பட்டி பெயர்ந்து விழ, எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுப்போட்ட தகடு தெரிந்தது. தகட்டின் பின்னால் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தது. தாள் ஈரத்தைக் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. துரு அங்கிருந்துதான் நாலா பக்கமும் கிளம்பியிருந்தது.

தகட்டின் மேல் லேசரை ஓட்டினார். மூலையில், ஆணியால் கீறிய ஒரு பிறை பளிச்சென்று எழுந்து வந்தது.

அந்தப் பிறையைப் போடுகிற டிங்கர் ஒரே ஒருவர்தான். இளவயதில் பஸ் ஸ்டாண்டுப் பட்டறையில் இருந்தபோது, தான் தொட்ட வேலைக்கெல்லாம் பெருமையாக அதைப் போட்டுவைப்பார். அப்போது அவர் தலையில் முடி இருந்தது, கார் வெள்ளையாக இருந்தது. அதனால் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. அடிபட்டுக் கிழிந்த படியோரத்தைச் சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொல்லி முதலாளி கத்தியதும், காகிதத்தைத் திணித்துப் பட்டியைப் பூசியதும் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தன. ஆறு மாதம் கழித்து பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தபோது, "வீட்ல ரொம்பக் கழுவுவாங்களோ?" என்று வாய் கூசாமல் கேட்டதும்தான்.

பழைய இரும்பு போடும் டப்பா காலடியிலேயே இருந்தது. தகட்டைப் பிடுங்கி அதில் எறிய ஒரு நொடி போதும். மெஷின் பொய் சொல்லாதுதான், ஆனால் அதற்கு வாயும் கிடையாதே.

அம்மா ஓரடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "யாரு தம்பி இதுல கை வச்சது?"

இத்தனை வருடமாக ஊரைக் கேட்டவருக்கு, அதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"நான்தாம்மா. பேப்பரத் திணிச்சு மூடினது நான். ஈரம் உள்ளயே நின்னு அரிச்சிருக்கு. நீங்க கழுவினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சார்கிட்ட அப்படிச் சொல்லித் தப்பிச்சதும் நான்தான்."

வாத்தியார் குனிந்து பிறையைப் பார்த்தார். நிமிர்ந்து டிங்கரின் வழுக்கையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் கணக்கைத் திருத்தியவருக்குத் தன் விடை தப்பாகப் போனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. "இப்ப மொத்தத்துல பாத்தா..." என்று ஆரம்பித்தார்.

"சாவி" என்று அம்மா கையை நீட்டினார்.

"வண்டிதான் ஓடாதே."

"ஓடாட்டிப் போகுது. குடுங்க."

சட்டைப் பையிலிருந்து சாவி வந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

"வண்டி எப்பத் தம்பி ரெடியாகும்?"

"ஒரு மாசம் குடுங்கம்மா. இந்த வாட்டி நல்ல தகடா வெட்டி வெல்டிங் வச்சுத் தரேன். பெயிண்ட் அடிச்சு, கழுவித் தொடச்சு, பளபளன்னு வீட்டு வாசல்ல..."

"கழுவ வேண்டாம்" என்றார் அம்மா. "நான் கழுவிக்கிறேன்."