நான் வாடிக்கையாளராகப் போன வெள்ளிக்கிழமை

பாரிஸில், லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது என் அறை. ஓர் ஆள் நடக்க அளவான இடம். போன குளிர்காலம் முழுக்க என் தம்பியின் மகள் அதற்குள் மூன்று தட்டுகளை ஒரு கையில் ஏந்தி நடந்து பழகினாள். ஜன்னலில் இருந்து கதவு வரை போவாள், திரும்பி வருவாள். நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன். தட்டுகள் என்னுடைய சில்வர் தட்டுகள். விழுந்தால் உடையாது என்றுதான் என்னிடம் வந்தாள். மாமி மேல் உள்ள பாசத்தில் வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உடையாது, ஆனால் சத்தம் போடும். கீழே கடைக்காரர் ஒருநாள், "என்னம்மா, மேலை திருவிழாவோ?" என்று கேட்டார். நான் குனிந்து புடலங்காய் தெரிந்தெடுத்தேன்.

பிள்ளைக்குப் பதினாறு வயது. படிப்போடு தொழிலும் பழக்குகிற லீசே பள்ளிக்கூடம் ஒன்றில், ரெஸ்ரோரண்டில் பரிமாறுகிற வேலை படிக்கிறாள். அதற்கும் படிப்பு உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, என் ஐந்தாம் வகுப்பை விட அது கஷ்டம். வருகிற செப்டெம்பரில் இருந்து அவள் அப்ரந்தியாகச் சேர வேண்டும் என்று நின்றாள். இரண்டு வாரம் பள்ளிக்கூடம், இரண்டு வாரம் உண்மையான ரெஸ்ரோரண்டில் வேலை, கையில் சம்பளம். முதலாளியையும் தானே தேடிப் பிடித்துவிட்டாள். ஒன்றுதான் குறை. பதினெட்டு ஆகாத பிள்ளை என்பதால் தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முதல் வைக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

என் தம்பி பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு பிரசெரி ரெஸ்ரோரண்டில் சமையல்காரன். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் உள்ள நேரத்தில் லெ பிளாங்-மெனில் புறநகரில் இருக்கிற வீட்டுக்குப் போய் வர முடியாது. அதனால் என் அறைக்கு வந்து, பிளேன்ரீ குடித்து, பாயில் சரிவான். அவன் எழுந்து போகத்தான் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருவாள். வீட்டில் கதைக்காத இரண்டு பேரும் என்னிடம் வந்துதான் கதைத்தார்கள்.

"சமைக்கப் போறன் எண்டால் நாளைக்கே கையெழுத்து வைப்பன், அக்கா. தட்டுக் காவப் போறாளாம்!"

"காவினால் என்னடா?"

"முன்பக்கத்து ஆக்களை உங்களுக்குத் தெரியாது. நாங்கள் நெருப்புக்கு முன்னாலை நிண்டு வேகிறம். அவை சென்ட் பூசிக்கொண்டு வந்து, ரெண்டாம் மேசைக்கு உப்பு வேண்டாமாம், நாலாம் மேசைக்கு வெங்காயம் கூடாதாம் எண்டுவினம். சாப்பாடு நல்லா இருந்தால் சிரிப்பு அவைக்கு. சரியில்லாட்டில் ஏச்சு எங்களுக்கு."

மகள் பகையாளி வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள் என்பது மாதிரி இருந்தது அவன் முகம்.

பிறகு பிள்ளை வருவாள். "மாமி, அப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி குடிச்சவர்."

நான் தூது போன அழகு அவ்வளவுதான். தம்பியின் மனைவி, என் மச்சாள், அவள் பங்குக்குச் சொந்தக்காரருக்கெல்லாம் மகள் ஹோட்டல் மனேஜ்மென்ட் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு ரெஸ்ரோரண்ட் இருக்கிறது. பிள்ளைகளே சமைத்து, பிள்ளைகளே பரிமாறுவார்கள். வருட முடிவில் ஒவ்வொருவரும் ரீச்சர் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு மேசையைக் கவனிக்க வேண்டும், அதற்குப் புள்ளி உண்டு. வீட்டாரையும் சாப்பிடக் கூப்பிடலாமாம்.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மாமி. நீங்கள் சொன்னால் வருவார். வந்து பாத்தால் விளங்கும்."

நான் யாருக்கு என்ன சொல்லியிருக்கிறேன்? தம்பி பாயில் அரைத் தூக்கத்தில் கிடக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் சாப்பிடக் கூப்பிடுறாள்."

ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அவளின்ரை பள்ளிக்கூடத்துக் குசினி எப்பிடி எண்டு ஒருக்காப் பாக்கத்தான் வேணும்" என்றான். மகளைப் பார்க்க வரவில்லையாம், குசினியை, சமையலறையைப் பார்க்க வருகிறானாம். சரி என்று விட்டுவிட்டேன்.

பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தாள்.

"எழும்பி உதவி செய்யக் கூடாது. தட்டுகளை அடுக்கக் கூடாது. வைக்க முதலே போதும் போதும் எண்டு கையை மறிக்கக் கூடாது. பிள்ளை எண்டு கூப்பிடவும் கூடாது."

"பிறகு எப்பிடிக் கூப்பிடுறது?"

"மத்மசெல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"ஏதாவது கேளுங்கோ மாமி. நீங்கள் பேசாமல் இருந்தால் நான் என்னத்தைச் செய்து காட்டுறது? வேணும் எண்டதைக் கேளுங்கோ, வேண்டாம் எண்டதைச் சொல்லுங்கோ."

அங்கேதான் இடித்தது. எங்கள் தெருவில் ஒரு கடையில் நான் சாதாத் தோசை கேட்க மசாலாத் தோசை வந்தால், அதைத்தான் கேட்டேன் என்று எனக்கே சொல்லிச் சாப்பிட்டுவிடுகிற ஆள் நான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலும், வெளியே போக வேண்டும் என்று கையைத் தூக்கிக் கேட்க வெட்கப்பட்டு மணி அடிக்கும் வரை இருந்தவள்.

அந்த நாள் காலையில் குளித்து, விளக்கேற்றி, விபூதி பூசும்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. வெள்ளிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமைகளில் மச்சம், மீனோ இறைச்சியோ, தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை என்று என் வாயாலேயே தம்பிக்குச் சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. இப்போது சொல்லிப் பிள்ளையைக் குழப்பக் கூடாது, மேசையில் பாண் ரொட்டி இருக்கும்தானே என்று நினைத்து, ஒரு வாழைப்பழத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பள்ளிக்கூட ரெஸ்ரோரண்டில் தம்பி, மச்சாள், நான் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்தோம். வெள்ளை மேசைத்துணி, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பை. பிள்ளை கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, நீட்டு ஏப்ரனோடு வந்தாள். தலைமயிரை இழுத்துக் கட்டியதில் புருவமும் கொஞ்சம் மேலே போயிருந்தது. "பொன்ஜூர் மதாம், பொன்ஜூர் முசியே" என்றாள். முசியே யார் என்று தம்பி திரும்பிப் பின்னால் பார்த்தான்.

மச்சாள் அவளின் கையைப் பிடித்து, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள்.

பரிமாற வந்தவளிடம் யாரும் அப்படிக் கேட்பார்களா? பிள்ளை முகம் மாறாமல், மதாமுக்குக் குடிக்க என்ன கொண்டு வர என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டுப் போனாள். "என்னைத் தெரியாத மாதிரியெல்லே கதைக்கிறாள்" என்று மச்சாள் அழவும் சிரிக்கவும் பார்த்தாள். சுவரோரம் ரீச்சர், கழுத்தில் தொங்கும் கண்ணாடியோடு, கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தது ஏதோ இறைச்சித் துண்டு. என்னுடையதை மெல்லத் தம்பியின் தட்டுக்குத் தள்ளிவிட்டு, பாணைப் பிய்த்துச் சாப்பிட்டேன். அவன் கவனிக்கவில்லை. அவனுடைய கண் குசினிக் கதவில் இருந்தது. அது இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. ஆடுகிற ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தான். வேலைக்கு லீவு எடுத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடிந்ததும், நானும் மச்சாளும் கதைத்துக்கொண்டே தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முள்ளுக் கரண்டிகளை மேலே வைத்து, சிந்தின பாண் தூளையும் கையால் கூட்டி எடுத்துவிட்டோம். கை தன்பாட்டில் செய்துவிட்டது. பிள்ளை வந்து பார்த்தாள். ரீச்சரின் பேனை அசைந்தது. "மெர்சி மதாம்" என்று சொல்லி அடுக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஐயோ மச்சாள்" என்று மச்சாள் வாயைப் பொத்தினாள். நான் உள்ளங்கையில் பாண் தூளோடு இருந்தேன். எங்கே போடுவது என்று தெரியாமல் கைப்பைக்குள் வாழைப்பழத்துக்குத் துணையாகப் போட்டேன்.

அடுத்தது மீன். மூன்று தட்டு, ஒரு கையில், என் அறையில் நடந்த மாதிரியே வந்தாள். மச்சாளுக்கு வைத்தாள், தம்பிக்கு வைத்தாள், என்னிடம் வந்து நின்றாள். வைக்கவில்லை. பிய்த்த பாணைப் பார்த்தாள், என் நெற்றி விபூதியைப் பார்த்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்பது அவளுக்கு உறைத்ததை நான் கண்டேன்.

"மதாம் மீன் சாப்பிடுவீங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இல்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். ரீச்சர் பார்க்கிறார், தம்பி பார்க்கிறான். "உய்", ஓம் என்றேன். பழக்கம்.

தட்டு கீழே இறங்கவில்லை. "மதாம் யோசித்துச் சொல்லலாம், அவசரமில்லை" என்றாள், அவ்வளவு மரியாதையாக.

"நோன்" என்றேன். சத்தம் வரவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னேன். அது பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

பிள்ளை தட்டோடு குசினிக்குப் போனாள். தம்பி முள்ளுக் கரண்டியை வைத்துவிட்டான்.

"முடிஞ்சுது. தட்டுப் போட்ட பிறகு போய்க் கேட்டால் கொல்லுவாங்கள்."

"ஆர்?" என்றாள் மச்சாள்.

"குசினி."

"நீங்கள் எண்டால்?"

"நானும்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொடியன் கத்துவது கேட்டது. அவனும் அவளின் வயதுதான் இருக்கும், தொப்பி போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றவன். தம்பி முதலில் சந்தோசமாக எங்களுக்குத் தமிழில் சொன்னான். "முதலே ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறான். நியாயம்தானே." பிறகு மகளின் குரல் கேட்டது. அது உயரவில்லை. தம்பி கதவுப் பக்கம் சரிந்தான். சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

"என்னவாம்?" என்று மச்சாள் இடித்தாள்.

"பொறு... தன்ரை பிழையாம். இருத்தினவுடனை தான் கேட்டிருக்க வேணுமாம். உன்ரை வேலையைக் குழப்பினதுக்கு மன்னிச்சுக்கொள் எண்டுறாள். இப்ப அடுப்பிலை என்ன மரக்கறி கிடக்கு, எவ்வளவு நேரம் வேணும் எண்டு அவனையே கேக்கிறாள்."

"பிறகு?"

"சிரிக்கிறான்."

"ஆர்?"

"குசினி" என்றான் தம்பி. கதவில் இருந்து கண்ணை எடுக்காமல், "எங்களிட்டை வந்து ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லை" என்றான்.

எனக்கு உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் வந்தது. மேலே ஊற்றியிருந்த குழம்பில் மீன் படவில்லை என்று, நான் விசாரிக்காமலே என் காதுக்கு மட்டும் படச் சொன்னாள். போதும் என்று மறிக்க எழும்பின கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முழுவதும் சாப்பிட்டேன். உள்ளதைச் சொன்னால் உறைப்பே இல்லை. ஆனால் கேட்டு வந்த சாப்பாடு.

தம்பியின் மீன் ஆறிப்போய்க் கிடந்தது. "முசியே, மீனில் ஏதும் குறையா?" என்று பிள்ளை கேட்டாள்.

"நோன், மத்மசெல்" என்றான். அவனுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியில் ரீச்சர் மேசைக்கு வந்து, சேவை எப்படி இருந்தது என்று கேட்டார். தம்பி தன் குசினிப் பிரெஞ்சில், பாண் பிந்தி வந்தது என்றான். மச்சாள் மேசைக்குக் கீழே கிள்ளினாள். ரீச்சர் அதையும் எழுதிக்கொண்டு, மற்றது எப்படி என்று கேட்டார்.

"மற்றது சரி."

என் தம்பியின் வாயில் இருந்து அது வந்தால் மாலை போட்ட மாதிரி. ரீச்சருக்கு அது தெரிந்திருக்காது. பிள்ளைக்குத் தெரியும். தண்ணீர்ப் போத்தலை மேசையின் ஒரு பக்கத்தில் இருந்து எடுத்து மறுபக்கத்தில் சும்மா வைத்தாள்.

ரீச்சர் போனதும், "எங்கை அந்தக் கடதாசி?" என்று தம்பி கேட்டான்.

வீட்டில் என்று மகள் சொல்ல வாயெடுக்க முதல், மச்சாள் தன் கைப்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறைக்குள் மடிப்புக்கூட விழாமல் இருந்ததை எடுத்து வைத்தாள்.

"நீ கொண்டு வந்தனியோ?"

"கனநாளாய்க் கொண்டுதான் திரியிறன்."

அவன் தாளை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தான். "நீ போற இடத்திலை குசினிக்கு ஆர் பொறுப்பு?"

பிள்ளை குனிந்து, அந்த மேசையில் முதல் தரம் தமிழில் பேசினாள். "ஒரு மனுசி, அப்பா."

"சத்தம் போடுவாவோ?"

"போடுவா."

"போடத்தான் வேணும்" என்றான், திருப்தியாக. பிறகு சட்டைப் பை, காற்சட்டைப் பை எல்லாம் தடவினான். பேனை இல்லை. பிள்ளை தன் சட்டைப் பையில் இருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"உங்கடை முன்பக்கத்து ஆக்களிட்டை எப்பவும் பேனை இருக்கும்" என்றான்.

மேசைத்துணியில் மை படாமல் தாளுக்குக் கீழே மெனு அட்டையைச் செருகிக் கொடுத்தாள். அவன் மெதுவாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்து வைத்தான். மச்சாள் தாளை வாங்கி ஊதினாள். பிள்ளை பேனையைத் திரும்ப எடுத்துப் பையில் குத்திக்கொண்டு, நிமிர்ந்து நின்று, முசியே கோப்பி எடுக்கிறாரா என்று கேட்டாள்.

"ரெண்டு சீனி" என்றான் தம்பி.