விழுவதற்கென்றே ஒரு வேலை

பிஸ்கட் தொழிற்சாலை மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்த என் தம்பிக்கு, ஐம்பத்து நான்காம் வயதில் ஒரு வேலை கிடைத்தது. விழுவதுதான் அந்த வேலை. முதியவர்கள் தடுக்கி விழுந்தால் ஒலியெழுப்பி வீட்டாரை அழைக்கும் சிறு கருவியை ஓர் ஆய்வகத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி அளவேயான அதைச் சட்டைப் பையின் ஓரத்தில் ஊக்கால் குத்திக்கொண்டு, நீல மெத்தையின்மேல் நாளொன்றுக்கு நாற்பது முறை அவன் விழ வேண்டும். விழுதல் எப்படியிருக்கும் என்பதைக் கருவி அவனிடமிருந்தே கற்றுக்கொண்டது. ஆய்வகத்தில் அவனுக்கு ‘மெத்தை அண்ணன்’ என்று பெயர்.

“உக்காந்து சம்பளம் வாங்குறவங்களப் பாத்திருக்கேன். விழுந்து சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான்,” என்பாள் அவன் மனைவி. முதல் வாரத்திலேயே இரண்டு மூக்குக்கண்ணாடிகள் உடைந்தபோது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னொண்ணு ஒடைஞ்சுது, அப்புறம் செவுத்தத் தடவிக்கிட்டுதான் நடக்கணும்!”

அன்று முதல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திய பிறகே அவன் விழுந்தான்.

விற்பனைக்கு உரிமம் வழங்கும் அதிகாரி ஒருநாள் வந்தார். உரிமம் கிடைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள், மெத்தையையும் சுருட்டிவிடுவார்கள். தம்பி பத்து முறை விழுந்தான். கருவி பத்து முறையும் அலறியது.

“பரவாயில்லையே! எங்க, நானும் விழுந்து பாக்கறேன்,” என்ற அதிகாரி, கருவியைக் குத்திக்கொண்டு தமது கனத்த உடம்புடன் தொப்பென்று விழுந்தார். மெத்தை முனகியது, கருவி வாயே திறக்கவில்லை.

“ஊக்கு தளர்ந்திருக்கும், சார்,” என்றார் பொறியாளரான இளம்பெண், நெற்றியைத் துடைத்தபடி. அதிகாரியும் நம்பிவிடுவார் போலிருந்தது. தம்பியோ அதிகாரியின் முகத்தைப் பார்த்தான்; அதில் கண்ணாடி இல்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும்; ஆனால் கருவியை நம்பிய யாரோ ஒருவர் குளியலறையில் கேட்பாரற்றுக் கிடப்பார்.

“கொஞ்சம் குடுங்க, சார்.”

கருவியைக் குத்திக்கொண்டு, நிமிர்ந்து நின்றபடியே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டான். கண்ணாடி கருவியை இடித்தது. கருவி ஊரையே கூட்டியது.

“நான் விழறத இது கத்துக்கவே இல்ல, மேடம். கண்ணாடியப் பையில போடறதத்தான் கத்துக்கிச்சு.”

பொறியாளர் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் உரிமம் தரவில்லை. பல வயதினரையும் பல உடல்வாகினரையும் விழவைத்துக் காட்டுமாறு ஆறு மாத அவகாசம் தந்தார்.

“வேலை போகலக்கா. ஆனா மொதல்லேருந்து விழணும்,” என்றான் தம்பி என்னிடம்.

“இவரு விழறது பாய் விரிக்கிற மாதிரி இருக்கும். மனுஷங்க அப்படியா விழுவாங்க?” என்ற அவன் மனைவி, மறுநாளே தானும் மெத்தைக்குப் போனாள். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொடுத்தவளும் அவளே.

ஆறு மாதங்களுக்குப் பின் அதிகாரி மீண்டும் விழுந்தார். கருவி அலறிய அலறலில் பக்கத்து அறையினரும் ஓடிவந்தார்கள்.

“எழுந்திரிக்க நேரமாகும், பேனாவ இங்கயே குடுங்க,” என்றவர், மெத்தையில் கிடந்தபடியே கையெழுத்திட்டார்.